சிரிக்க வைத்த டெபுடி மாஜிஸ்திரேட்

வங்காளப் பாட்டு என்றதும் அனைவருக்கும் தாகூர்தான் நினைவுக்கு வருவார். விஞ்ஞானம் படித்து அரசுப் பணியில் காலம் கழித்த எனக்கு த்விஜேந்திரலால் ராய் இன்னும் நெருக்கமானவர்.

1863-ல் கிருஷ்ணநகரில் பிறந்தார். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் எம்.ஏ. முடித்து, அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று விவசாய விஞ்ஞானம் பயின்றார். 1886-ல் திரும்பியதும், கடல் கடந்ததற்குப் பிராயச்சித்தம் செய்யச் சொன்னார்கள். மறுத்தார்; சமூகம் ஒதுக்கி வைத்தது. நம்மவர் குடும்பங்களிலும் இத்தகைய கெடுபிடி இருந்ததை மூத்த அங்கத்தினர்கள் அறிவார்கள்.

டெபுடி மாஜிஸ்திரேட் உத்தியோகத்தில், மேதினிப்பூர் ஜில்லாவில் குடியானவர்களின் நிலவரிச் சுமையைக் குறைத்து, லெப்டினன்ட் கவர்னரின் கோபத்துக்கு ஆளானார்.

இத்தனைக்கும் நடுவில் நகைச்சுவைப் பாட்டுகள் எழுதி, மேல்நாட்டு மெட்டுகளையும் கலந்து தாமே பாடினார். 1900-ல் அவை 'ஹாசிர் கான்' என்ற நூலாயின. தேசத்துக்காகத் தன் உயிரைப் பத்திரப்படுத்துவதாகச் சொல்லி வீட்டை விட்டே நகராத நந்தலால் அவர் படைப்புதான். ஆபீசுக்கு ஒரு நந்தலால் இன்றும் உண்டு!

1903-ல் மனைவி சுரபாலா காலமானார். இரு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே சரித்திர நாடகங்களும் தேசபக்திப் பாடல்களும் எழுதினார். 1913 மே 17-ல், ஐம்பது வயது நிறையுமுன், கொல்கத்தாவில் மறைந்தார்.

மகன் திலீப்குமார் ராய் புதுச்சேரி அரவிந்தாசிரமத்தில் பல்லாண்டு வாழ்ந்தவர், எம்.எஸ். சுப்புலக்ஷ்மியுடன் 'வந்தே மாதரம்' பாடி இசைத்தட்டில் பதித்தவர். தந்தையின் 'தன தான்ய' பாடலின் பெயரில் 2023-ல் அலிப்பூரில் பெரிய அரங்கமே திறக்கப்பட்டது. கொல்கத்தா செல்லும் அன்பர்கள் அவசியம் பார்த்து வாருங்கள்.