இயற்கையின் மாணவர் அந்தோனி கௌடி

ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியா பகுதியில், செம்புப் பாத்திரம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1852ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் பிறந்தார் அந்தோனி கௌடி. இளமையிலேயே மூட்டுவாதம் அவரை வாட்டியது. மற்றச் சிறுவரோடு ஓடியாட இயலாத அவர், செடிகொடிகளை உற்றுநோக்கியே பொழுதைக் கழித்தார். அவையே அவருக்கு முதல் ஆசிரியர்களாயின.

1878இல் கட்டடக் கலைஞராகப் பட்டம் பெற்றார். 1883இல் பார்சலோனா நகரின் திருக்குடும்ப ஆலயப் பணியை ஏற்றார். அதன் தூண்களை மரங்களைப்போல் கிளைவிட்டு நிற்க வகுத்தார்.

1900இல் குவெல் என்ற ஆலை அதிபர், அந்நகரில் மொட்டை மலை எனப்பட்ட குன்றில் ஒரு குடியிருப்பை அமைக்கும் பொறுப்பை அவருக்குத் தந்தார். மரமும் நீரும் அரிதான இடம் அது. வேறொருவராயின் குன்றை வெட்டிச் சமப்படுத்தியிருப்பார். கௌடியோ சரிவின் போக்கிலேயே பாதைகளை வளைத்தார். அங்கே தோண்டிய கற்களைக் கொண்டே பாலங்களை எழுப்பினார். உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பதித்து இருக்கைகளை அழகுசெய்தார். குறைந்த நீரில் வளரும் மரஞ்செடிகளை நட்டார்.

அவர் மழைநீரைச் சேமித்த விதமே பெரிதும் வியக்கத்தக்கது. உயரே இருந்த திடலுக்கு அவர் தளம் பாவவில்லை. அங்கே பெய்யும் மழை மண்ணில் ஊறி, வடிகட்டப்பட்டு, திடலைத் தாங்கும் தூண்களின் உள்வழியே இறங்கி, நிலத்தடித் தொட்டியைச் சேரும். தோட்டத்துக்குப் பாய்ச்சவென அமைந்த அத்தொட்டி சுமார் 12 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும்.

குடியிருப்புத் திட்டம் தோல்வியுற்றது. சுமார் 60 மனைகளுக்கு இடம் வகுத்தும் இரண்டு வீடுகளே எழுந்தன. அவற்றுள் ஒன்றில் 1906 முதல் கௌடியே குடியிருந்தார். 1914இல் வேலை நின்றது. ஆயினும் அவர் உழைப்பு வீணாகவில்லை. 1926இல் அவ்விடம் மக்கள் அனைவருக்கும் உரிய பூங்காவாயிற்று.

அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள், நடந்து சென்ற கௌடியை டிராம் வண்டி மோதியது. அவரது எளிய உடையைக் கண்டோர் பிச்சைக்காரர் என்றே எண்ணினர். ஏழைகளுக்கான மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், ஜூன் 10ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். தாம் 43 ஆண்டுகள் உழைத்த ஆலயத்தின் நிலவறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக ஏற்றார்.

அன்பு மாணவியரே, நம் வீட்டு மாடியில் விழும் மழைநீர் சாக்கடைக்கு ஓடுவதைக் காணும்போது கௌடியை நினைப்போம். ஆண்டவர் அளிக்கும் மண்ணையும் மழையையும் வீணாக்காமல் வாழ்வதும் ஒரு செபமே அன்றோ!