தீனபந்து ஆண்ட்ரூஸ்: ஒப்பந்தக் கூலி முறையை எதிர்த்த இந்த ஆங்கிலப் பாதிரியார் யார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? லூத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கம் என்று ஆளுக்கொரு தேவாலயம். தமிழ்ப் பாட்டு தெரு வரைக்கும் கேட்கும். ஏழைக்கு அரிசி, பருப்பு கொடுப்பதில் எந்தச் சபைக்கும் தயக்கம் இருக்காது. ஆனால் ஒருவரை ஏழையாகவே வைத்திருக்கும் சட்டத்தை எதிர்க்கலாமா என்று கேட்டுப் பாருங்க, அங்கேதான் பேச்சு குறையும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆங்கிலப் பாதிரியாரிடமும் இதே கேள்வி வந்து நின்றது. அவர் பெயர் சார்லஸ் ஃபிரியர் ஆண்ட்ரூஸ். 1982ல் வந்த 'காந்தி' படத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கு அவரைத் தெரியும். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு சேரும் சார்லி அவர்தான்.

1871ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தார். அப்பாவும் மதப் போதகர். குடும்பப் பணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பரே அதைக் கையாடிவிட, வீடு வறுமைக்கு வந்தது. அப்பா போலீசுக்குப் போகவில்லை, அந்த நண்பருக்காகப் பிரார்த்தனை செய்தார். சிறுவன் சார்லி இதை மறக்கவே இல்லை. கேம்பிரிட்ஜில் படித்துக் குருப்பட்டம் பெற்று, சண்டர்லேண்டில் கப்பல் கட்டும் தொழிலாளர் மத்தியிலும், பிறகு லண்டனின் ஏழைப் பகுதியான வால்வொர்த்திலும் ஊழியம் செய்தார்.

1904ல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அங்கே முதல்வர் பதவி காலியானபோது, வெள்ளையர் ஒருவர்தான் உட்கார வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. சக ஆசிரியர் சுஷில் குமார் ருத்ராவுக்கே அது போக வேண்டும் என்று ஆண்ட்ரூஸ் நின்றார். 1906ல் ருத்ரா அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார்.

1914 ஜனவரியில் கோகலே கேட்டுக்கொண்டபடி டர்பன் துறைமுகத்தில் போய் இறங்கினார். வரவேற்க வந்தவர்களில் காந்தி யார் என்று விசாரித்து, குனிந்து அவர் காலைத் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர்கள் கொதித்துப் போனார்கள். ஓர் ஆங்கிலேயர், அதுவும் பாதிரியார், ஓர் ஆசியரின் காலைத் தொடுவதா? பத்திரிகைகளிலும் திட்டு விழுந்தது. அதே வருஷம் குருத்துவப் பணியிலிருந்து விலகி, தாகூரின் சாந்திநிகேதனில் சேர்ந்தார். விசுவாசத்தை விடவில்லை. பதவியைத்தான் விட்டார்.

பீஜியில் அவர் பார்த்தது என்ன?

1915ல் நண்பர் வில்லியம் பியர்சனோடு பீஜிக்குக் கப்பல் ஏறினார். 1879லிருந்து சுமார் 60,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு அங்கே கொண்டு போகப்பட்டிருந்தார்கள். 1903க்குப் பிறகு சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். வேலைக்கு வராமல் இருந்தால் அது கிரிமினல் குற்றம், ஜெயில் கூட உண்டு. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் ஆள் ஏற்றினார்கள். தற்கொலைகள் ஏராளம்.

ஆண்ட்ரூஸ் அங்கே போய்ப் பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்பவில்லை. லயன் லயனாக நடந்தார், விசாரித்தார், எழுதிக்கொண்டார். 1916ல் இருவரின் அறிக்கை வெளியானது. கூலியைக் கொஞ்சம் ஏற்று, வீட்டைக் கொஞ்சம் சரி செய் என்று கேட்கிற அறிக்கை இல்லை அது. இந்த முறையே ஒழிய வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் மாளவியா இந்தியச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர, வைஸ்ராய் ஹார்டிங் ஒப்புக்கொண்டார். 1917ல் ஆள் அனுப்புவது நின்றது. அந்த வருஷம் ஆண்ட்ரூஸ் மறுபடியும் பீஜிக்குப் போய் நிலைமையைப் பார்த்தார். 1920 ஜனவரி 1ஆம் தேதி, மீதி இருந்த ஒப்பந்தங்களும் ரத்தாகின.

எல்லாப் பெருமையும் அவருக்கே என்று நினைத்துவிடாதீங்க. பீஜியில் ஒப்பந்தக் கூலியாக இருந்து ஊர் திரும்பிய தோதாராம் சனாத்யாவின் அனுபவம் 1914லேயே இந்தியில் புத்தகமாக வந்துவிட்டது. ஆனால் வைஸ்ராயின் கதவு ஆங்கிலப் பாதிரியாருக்குத்தான் சட்டென்று திறந்தது. அறிக்கையிலும் ஒரு குறை உண்டு. தோட்டத்துப் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி அது பேசிய விதத்தை இன்றைய வரலாற்று ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சிக்கிறார்கள். எனக்கும் அது நியாயமான விமர்சனம் என்றே படுகிறது.

சரி, நம்ம கிள்ளான் தோட்டங்களுக்கு என்ன ஆச்சு?

மலாயாவில் ஒப்பந்த முறை 1910லேயே முடிவுக்கு வந்துவிட்டது. அதனால் பீஜி அறிக்கை இங்கே நேரடியாக எதையும் மாற்றவில்லை. போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்து இறங்கிய உங்கள் கொள்ளுத்தாத்தா காகிதத்தில் சுதந்திரமான தொழிலாளி. ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வேலையை விடலாம். நடைமுறையில்? ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவர் கங்காணி, கடன் கொடுத்தவர் கங்காணி, பெரட்டுக்கு ஆள் எண்ணுவதும் அவர்தான். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு. வீடும் துரையுடையது, கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே. ஜெயிலுக்குப் பதில் கடன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பீஜியை ஒட்டி எழுந்த கோபம் இங்கே வேறு வழியில் வந்து சேர்ந்தது. 1922ல் இந்தியா புதிய குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் வந்து உட்கார்ந்து, கூலியையும் லயன் வீட்டையும் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். 1938ல் உடலுழைப்புத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதையே இந்தியா நிறுத்தியது.

ஆண்ட்ரூஸை மக்கள் தீனபந்து, அதாவது எளியோரின் உறவினர், என்று கூப்பிட்டார்கள். 1940 ஏப்ரல் 5ஆம் தேதி கல்கத்தாவில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அடுத்த வருஷமே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னால் நின்றவர் கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. கள்ளுக்கடையை மூடு, பெண்கள் மேல் கை வைப்பதை நிறுத்து என்பவையும் பட்டியலில் இருந்தன. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் போக வேண்டும் என்பது இன்னொன்று. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.