கவர்னரின் கணக்கும் கிழவரின் கணக்கும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து, டீக்கடை பெஞ்சில் இந்த ஏட்டைப் புரட்டும் தோழர்களே! எந்த நாட்டு மக்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை இன்று அளந்து சொல்கிறது. ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, 2025ஆம் ஆண்டு அறிக்கையில் 193 நாடுகளில் இந்தியாவுக்கு அது தந்த இடம் 130. இப்படி நாட்டோடு நாட்டை நிறுத்துப் பார்க்கும் தராசை, வெள்ளையன் முகத்துக்கு நேரே அன்றே தூக்கிப் பிடித்தார் ஒரு கிழவர்.

அவர்தான் தாதாபாய் நவுரோஜி. 1825இல் பம்பாயில் பிறந்த பார்சி. நான்கு வயதில் தகப்பனை இழந்தவர். சம்பளம் கட்டாமல் படித்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். கணக்கு வாத்தியார் அல்லவா? சர்க்கார் ஏடுகளையே எடுத்துக் கூட்டினார். ஆண்டு முழுவதற்கும் ஓர் இந்தியன் பங்குக்கு விழுந்தது 20 ரூபாய்! சிறைக் கைதிக்கும் கப்பலேறிய கூலிக்கும் சர்க்காரே வகுத்த படியை விலை போட்டார். உயிர் தரிக்க ஓர் ஆளுக்கு 34 ரூபாய் வேண்டும் என்றது கணக்கு. சிறைக்குள் இருந்தவனுக்குக் கிடைத்த சோறு, ஏர் பிடித்தவனுக்கு இல்லை! அந்த இருபதும் சராசரிதான். சீமான்கள் பங்கு போனால் ஏழைக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒரே பட்டறையில் நிரந்தரத் தொழிலாளி கூலியையும் ஒப்பந்தத் தொழிலாளி கூலியையும் கூட்டி வகுத்தால் வரும் தொகை யார் கைக்கு வருகிறது? உங்களுக்குத் தெரியாததா!

1881 முதல் 1886 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்தவர் கிராண்ட் டஃப். மெரினாவில் உலாவ நடைபாதை போட்டவர். சீமைக்குத் திரும்பியவர், சென்னை மாகாணத்து ஜில்லா ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்ததாகவும், இங்குள்ள மக்கள் மேற்கு ஐரோப்பியக் குடியானவனைவிட வசதியாகவே வாழ்வதாகவும் எழுதினார். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் அன்று செங்கல்பட்டு ஜில்லா. நம் பாட்டன்மாரைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாராம்! தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மடிந்த மாகாணம் இது. பஞ்சம் தீர்ந்து பத்தாண்டுகூட ஆகவில்லை.

1887இல் லண்டன் பத்திரிகையிலேயே நவுரோஜி பதில் கொடுத்தார். புள்ளிவிவர நிபுணர் மல்ஹாலின் கணக்கை எடுத்து வைத்தார். ஆளுக்கு ஆண்டு வருமானம் இங்கிலாந்தில் 41 பவுன். ஐரோப்பாவின் நோயாளி என்று ஏளனம் செய்யப்பட்ட துருக்கியில்கூட 4 பவுன். இந்தியாவில் 2! காரணத்தையும் சொன்னார்: இந்தியாவின் செல்வம் வெள்ளை அதிகாரிகளின் சம்பளமாகவும் பென்ஷனாகவும் ஆண்டுதோறும் கப்பலேறுகிறது.

1892இல் ஐந்தே ஓட்டு வித்தியாசத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். வெள்ளையன் மனச்சாட்சியைத் தட்டினால் திறக்கும் என்று நெடுங்காலம் நம்பினார். அந்த நம்பிக்கை நமக்கு உடன்பாடல்ல. ஆனால் 1904இல், எண்பதை நெருங்கும் வயதில், ஆம்ஸ்டர்டாமில் கூடிய சோஷலிஸ்டுகளின் சர்வதேச மாநாட்டில் இந்தியாவின் வறுமையைச் சொல்ல எழுந்தபோது, பல தேசத்துத் தொழிலாளர் பிரதிநிதிகளும் எழுந்து நின்று மௌனமாக மரியாதை செய்தனர். இரண்டாண்டு கழித்துக் கல்கத்தா காங்கிரசில் தலைமை ஏற்றுச் சுயராஜ்யமே வேண்டும் என்றார். 1917 ஜூன் 30இல் பம்பாயில் கண்மூடினார்.