அண்டிரிக் அடிகளார்

தமிழ் அச்சுக்கு வித்திட்ட அண்டிரிக் அடிகளார் போர்ச்சுகல் நாட்டின் விலா விசோசாவில் 1520இல் யூத வழியில் தோன்றியவர். 1496இல் அந்நாட்டு மன்னர் மானுவேல் யூதரையும் முஸ்லிம்களையும் ஒருசேர நாடு நீங்கப் பணித்தார். மறு ஆண்டில் யூதர் பலர் வலிந்து மதம் மாற்றப்பட்டனர். அம்மரபினர் என்பதறிந்த பிரான்சிஸ்கன் சபை அடிகளாரை வெளியேற்றிற்று. பிறப்பால் மனிதரை அளக்கும் இக்கொடுமை நம் நாட்டாரும் அறியாததன்று. 1545இல் இயேசு சபை அவரை ஏற்றது; மறு ஆண்டு இந்தியா வந்தார். முத்துக்குளித்துறையில் பரதவரிடையே வாழ்ந்து தமிழ் கற்று, அதற்கு இலக்கணமும் வரைந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய அவரது ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கொண்டது. எனினும், இந்திய எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் அதுவே மூத்தது. 1593இல் இயேசு சபையும் யூத வழியினருக்குக் கதவடைத்தது. அப்போது அடிகளார் எழுபதைக் கடந்திருந்தார். 1600இல் புன்னைக்காயலில் மறைந்த அவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றது.