ஒரு காசு முரசு

லிட்டில் இந்தியாவில் லெபு பினாங்கும் லெபு பாசாரும் சந்திக்கும் முனையிலிருந்து சுவெட்டன்ஹம் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ. ராமசாமி மலாயாவுக்குக் கப்பலேறி வந்தபோது முதலில் கால் வைத்தது நம் பினாங்கில்தான். அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு பாடத்துக்காகப் படிக்கப் போன நான், கடைசியில் வேறொருவரின் வாழ்க்கைக்குள் போய்விட்டேன். அவர் கோ. சாரங்கபாணி.

இடைநிலைப்பள்ளியில் எனக்கு அவர் ஒரு பேச்சுப்போட்டித் தலைப்பு. தமிழவேள் என்று தொடங்கி, பத்திரிகையாளர், சீர்திருத்தவாதி, மொழிக்காவலர் என்று அடைமொழிகளை அடுக்கி, மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். நானும் அப்படித்தான் பேசினேன். பரிசு கிடைக்கவில்லை. நியாயம்தான். அவர் என்ன செய்தார் என்பது எனக்கு உண்மையில் தெரிந்திருக்கவில்லை.

சாரங்கபாணி 1903இல் திருவாரூரில் பிறந்தவர். 1924இல் சிங்கப்பூருக்கு வந்து ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். அன்றைய மலாயாவில் தமிழர் என்றால் பெரும்பாலும் ரப்பர் தோட்டம், ரயில் பாதை, துறைமுகம், நகராண்மைக் கழகத்தின் சாலை வேலை. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதே பலருடைய எண்ணம். சாதியும் அவர்களோடு கப்பலேறி வந்திருந்தது. சில தோட்டங்களில் லயங்கள்கூடச் சாதி பார்த்துத்தான் ஒதுக்கப்பட்டன. கிடைத்த கூலியில் ஒரு பங்கு தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிப் போனது.

இந்த நிலையில்தான் பெரியாரின் வருகை. பினாங்கில் இறங்கி, ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசி, சிங்கப்பூர் வரை அவர் போனார். அவர் திரும்பிய பிறகும் அவர் கிளப்பிய கேள்விகள் இங்கேயே தங்கிவிட்டன. அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் 'முன்னேற்றம்' என்ற வார இதழ் வெளிவந்துகொண்டிருந்தது. சாரங்கபாணி அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முன்னணியில் நின்றார். 1935 ஜூலை 6ஆம் நாள் சங்கத்தின் குரலாகத் 'தமிழ் முரசு' பிறந்தது. வாரம் ஒருமுறை வரும். விலை ஒரு காசு.

ஒரு காசு என்பது விற்பனைத் தந்திரம்போலத் தோன்றலாம். ஆனால் அப்போது தோட்டத்தில் பால் வெட்டுபவரின் நாள் கூலி 50 காசுக்கும் குறைவு. ஐந்து காசுக்கு விற்றால் கூலியில் பத்தில் ஒரு பங்கைக் கேட்பதாகிவிடும். ஒரு காசு என்றால் வெற்றிலைக்கு ஆகும் செலவோடு அதுவும் போகும். கணக்கு எழுதிப் பழகிய மனிதர் வாசகரின் மடியில் எவ்வளவு இருக்கும் என்பதை முதலில் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. பத்திரிகைக்கு அது கட்டுப்படியாகுமா என்ற கேள்வி அப்புறம்தான் வந்திருக்க வேண்டும். விரைவிலேயே வந்தும்விட்டது. சங்கத்தால் பணச்சுமையைத் தாங்க முடியாமல் போக, அடுத்த ஆண்டே சாரங்கபாணி இதழைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு வாரம் மூன்று நாள் என்று வளர்ந்து, 1937இன் இறுதிக்குள் தமிழ் முரசு நாளிதழாகிவிட்டது.

வாங்கியவர் எண்ணிக்கையை வைத்து வாசகர்களைக் கணக்கிட முடியாது. என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் போனதே கொஞ்ச நாள்தான். ஆனால் பத்திரிகைச் செய்தி எல்லாம் தெரியும் என்பார். சாயங்காலம் லயத்து வாசலில் எழுத்துத் தெரிந்த ஒருவர் சத்தம் போட்டுப் படிப்பாராம், சுற்றி உட்கார்ந்து இருபது பேர் கேட்பார்களாம். நடுவில் யாராவது குறுக்கே பேசினால் வரியைத் திரும்பப் படிக்கச் சொல்வார்களாம். படித்து முடித்த தாள் அடுத்த லயத்துக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

இதைக் கேட்டபோது பல்கலைக்கழக வகுப்பில் படித்த அமெரிக்க வரலாறு நினைவுக்கு வந்தது. 1905இல் ராபர்ட் அபட் என்ற கறுப்பினத்தவர் சிகாகோவில் 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற இதழைத் தொடங்கினார். பருத்தி வயல்களும் இனவெறிக் கொலைகளும் நிறைந்த தென் மாநிலங்களில் அதை வெளிப்படையாக விற்பதே ஆபத்து. எனவே ரயில்களில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள் கட்டுக்கட்டாக அதை எடுத்துப் போய்ச் சேர்த்தார்கள். முடிதிருத்தும் கடைகளிலும் தேவாலயங்களிலும் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அங்கும் ஒரு தாள், பல காதுகள்.

ஆனால் இரண்டு ஆசிரியர்களும் தம் வாசகர்களிடம் கேட்டுக்கொண்டது நேர் எதிரானது. தெற்கை விட்டு வடக்கே வந்துவிடுங்கள் என்று அபட்டின் பத்திரிகை அழைத்தது. இந்த மண்ணிலேயே வேர் விடுங்கள் என்று சாரங்கபாணி வற்புறுத்தினார். குடியுரிமை எடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், வாக்களிக்கும் இடத்துக்கு வாருங்கள் என்பதே அவர் ஓயாமல் சொன்னது. 1957இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழர்களைப் பதிந்துகொள்ளச் சொல்லி அவருடைய பத்திரிகை ஓர் இயக்கமே நடத்தியது. ஊரில் நிலமும் உறவும் இருக்கும்போது இங்கே எதற்குத் தாள் என்று தயங்கியவர்கள் ஏராளம். அந்தத் தயக்கத்தின் விலை என்ன என்பதை நம் பக்கம் பின்னால் பார்த்தோம். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் விதி கடுமையானபோது, குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் பிள்ளை குட்டிகளோடு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டையோடு வயதான தாத்தாக்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பத்திரிகையின் தலையங்கத்தைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் அவரோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீர்திருத்தச் சங்கத்தார் தீமிதியையும் காவடியையும் எதிர்த்தார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் குடும்பத்திலிருந்து வரும் எனக்கு அதைப் படிக்கும்போது முகம் சுளித்தது. ஆனால் பிறருக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டில் வேறு மாதிரி வாழ்ந்தவர் அல்லர் அவர். சாதி ஒழிய வேண்டும் என்றவர், மணந்துகொண்டது லிம் பூன் நியோ என்ற சீனப் பெண்மணியை. 1930களில் ஒரு தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர் அப்படிச் செய்வது சின்ன விஷயமில்லை. அதே காலத்தில் 1952 முதல் பொங்கல் நாளைத் தமிழர் திருநாளாகக் கொண்டாடச் செய்ததும் அவர்தான் என்று எழுதியிருந்தேன். பிறகு திருத்திக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு போர் இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் தமிழ் முரசு நின்றுபோனது. போர் முடிந்த பிறகே மறுபடி வெளிவந்தது. திருநாள் யோசனை அதற்கும் பிந்தியது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், எந்த ஊர், எந்தச் சாதி என்று பாராமல் தமிழ் பேசும் எல்லாரும் ஒரே மேடைக்கு வர ஒரு நாள் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது ஓர் இளையோர் பக்கம். நாளிதழில் மாணவர்களுக்கு எதற்கு இடம் என்று அந்தக் காலத்தில் பலர் கேட்டிருக்கலாம். 1950களின் தொடக்கத்தில் தமிழ் முரசு 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள், அவர்கள் பெயர் அச்சில் வந்தது. தோட்டத்துப் பள்ளியில் படிக்கும் ஒரு பையனுக்குத் தன் பெயரை நாளிதழில் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்! பிற்காலத்தில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனவர்களில் பலர் அங்கே கைப்பழக்கம் பெற்றவர்கள். பக்கத்தில் எழுதியவர்கள் ஊர் ஊராகக் கூடத் தொடங்கினார்கள். நம் நாட்டின் தமிழ் இளைஞர் மணிமன்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. என் ஊரில் மணிமன்றம் என்றால் கூடமும் நாற்காலியும் உள்ள ஒரு சங்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு பத்திரிகைப் பக்கத்தின் பெயர் என்பது தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் பிள்ளைகள் பள்ளி முடித்தால் அடுத்து எங்கே போவார்கள்? 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டிருந்தது. அங்கே இந்திய இயல் துறை அமைப்பது என்று பேச்சு வந்தபோது, அதில் சமஸ்கிருதத்துக்கே முதலிடம் தர வேண்டும் என்ற யோசனை வலுவாக இருந்தது. மலாயா இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர். அவர்கள் உழைத்துக் கட்டிய நாட்டில், அவர்கள் பிள்ளைகள் போகும் பல்கலைக்கழகத்தில், அவர்கள் மொழிக்கு இடமில்லையா? சாரங்கபாணி இதைத் தம் பத்திரிகையின் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். தலையங்கங்கள், கூட்டங்கள், கோரிக்கைகள் என்று தொடர்ந்தது அந்தப் போராட்டம். 1956இல் துறை வந்தபோது தமிழ் அதில் உட்கார்ந்துவிட்டது.

துறை வந்தால் மட்டும் போதுமா, படிக்கப் புத்தகம் வேண்டுமே. தமிழ் நூலகத்துக்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் முரசு நிதி திரட்டியது. பெரிய வணிகர்கள் ஒருபுறம் இருக்கட்டும். தோட்டத் தொழிலாளர்களும் நகரத்துக் கூலித் தொழிலாளர்களும் தங்களால் முடிந்த சிறு தொகைகளைக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் பல்கலைக்கழக வாசலை வாழ்நாளில் மிதித்திருக்க மாட்டார்கள். வாங்கிய புத்தகங்களைப் படிக்கக்கூடத் தெரியாதவர்களும் இருந்திருப்பார்கள். கோலாலம்பூர் வளாகம் உருவானபோது துறையும் அங்கே போனது. 1961இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைமைக்கு வந்தார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததற்கு அந்தத் துறை ஒரு முக்கியக் காரணம். இன்று இந்திய ஆய்வியல் துறையில் இடம் கிடைக்குமா என்று விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆறாம் படிவ மாணவர் யாராவது இதைப் படித்தால், அந்த இடத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளட்டும்.

வாழ்க்கை வரலாறுகள் வேகமாகத் தாண்டிப் போகும் ஒரு பகுதி இருக்கிறது. 1963இல் தமிழ் முரசின் ஊழியர்களே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளம்தான் பிரச்சினை. தொழிலாளர்களுக்காக ஒரு காசில் தொடங்கிய பத்திரிகை, தன் தொழிலாளர்களுக்குக் கொடுக்க முடியாமல் நின்றது. ஏறத்தாழ ஓராண்டு முரசு வெளிவரவில்லை. வெளியேறியவர்களின் முயற்சியில் 1964இல் 'தமிழ் மலர்' என்ற போட்டி நாளிதழ் பிறந்தது.

பேச்சுப்போட்டியில் இதை யாரும் சொல்வதில்லை. எனக்கோ அவருடைய வாழ்க்கையிலேயே இந்த இடம்தான் அதிக நேரம் யோசிக்க வைத்தது. தமிழ் முரசு ஒருநாளும் பணம் கொழித்த பத்திரிகை இல்லை. விலையை ஏழை வாசகருக்கு ஏற்றபடி வைத்தால், விளம்பரம் தரத் தமிழ் முதலாளிகள் குறைவாக இருந்தால், பற்றாக்குறை எங்காவது ஓரிடத்தில் போய் விழத்தானே செய்யும். அது அச்சுக் கோப்பவர் வீட்டு அரிசிப் பானையில் விழுந்தது. ஆங்கிலத்தில் 'இந்தியன் டெய்லி மெயில்' என்ற நாளிதழையும் அவர் நடத்திப் பார்த்தவர். அதுவும் நிலைக்கவில்லை. அவர் பக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் சமூகத் தொண்டு என்ற பெயரில் ஒருவர் குறைந்த சம்பளத்துக்கு எத்தனை ஆண்டு அச்சுக் கோக்க முடியும்? ஊழியர்கள் கேட்டது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உரிமையைக் கேள் என்று எழுதிய பக்கங்களைத் தினமும் கோத்தவர்கள் அவர்களே.

1964இல் முரசு மறுபடி வந்தபோது சாரங்கபாணிக்கு 61 வயது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் தனி நாடானது. நடுவில் எல்லை விழுந்துவிட்டதால், ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த வாசகர்கள் மெல்ல மெல்ல வெளிநாட்டு வாசகர்கள் ஆனார்கள். அதற்குப் பிறகும் அவர் பத்திரிகையை விடவில்லை. 1974 மார்ச் 16ஆம் நாள் காலமானார். லிம் பூன் நியோவுக்கும் அவருக்கும் பிறந்த பிள்ளைகள் 1995 வரை, அது சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போகும்வரை, தமிழ் முரசை நடத்தினார்கள்.