லைசென்சில் நீதி எழுதிய சௌந்தரபாண்டியனார்

சென்னை தியாகராயநகர் பாண்டி பஜாரை அறியாதவர் நாட்டில் இல்லை. ஆனால் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதே அதன் முழுப் பெயர் என்பதை எத்தனை பேர் அறிவர்? அந்தப் பெயருக்குரிய பெரியவர் நம் மதுரைச் சீமையின் மைந்தர் என்பதை அறிந்தோர் அதனினும் குறைவு. அவர் வரலாற்றை இன்று நாம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் கூறுவோம்.

ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் 1893ஆம் ஆண்டு செப்டம்பரில், அன்று மதுரை ஜில்லாவிலும் இன்று திண்டுக்கல் மாவட்டத்திலும் உள்ள பட்டிவீரன்பட்டியில் பிறந்தார். காப்பித் தோட்டமும் வணிகமும் உடைய செல்வக் குடும்பம். செல்வம் இருந்தது, ஆனால் செல்வத்தால் வாங்க முடியாத ஒன்று அக்குடும்பத்துக்கு மறுக்கப்பட்டிருந்தது. அதுதான் மனித மரியாதை. பணம் படைத்த நாடாராயினும் மீனாட்சியம்மன் கோயில் வாயிலோடு நின்றுவிட வேண்டிய காலம் அது. கமுதிக் கோயிலில் நுழைந்த உரிமை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் தோற்றது. மதுரைக் கோயில் கதவு வைத்தியநாத அய்யர் முன்னின்ற முயற்சியால் 1939 ஜூலையில்தான் திறந்தது.

மறுக்கப்பட்ட சமுதாயம் என்ன செய்தது? அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, கமுதி வட்டாரங்களில் சரக்கேற்றிய மாட்டு வண்டிகள் இரவில் தங்குவதற்குத் தாமே பேட்டைகள் அமைத்துக் கொண்டது. விற்ற மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பொதுநிதி சேர்த்தது. அந்த நிதியில் விருதுநகரில் 1885இலேயே பள்ளிக்கூடம் எழுந்தது. 1910இல் மகாஜன சங்கம் பிறந்தது. கடன் கொடுப்பாரில்லாத வியாபாரிக்கு 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியே அது. ஒதுக்கப்பட்டோர் தொழில் நடத்த வழி தேடிய வரலாற்றை வெளிநாட்டில் போய்த் தேட வேண்டியதில்லை. நம் கரிசல் மண்ணிலேயே அது கிடக்கிறது.

இந்த எழுச்சியின் தலைவர்களில் முதல் வரிசையில் நின்றவர் சௌந்தரபாண்டியனார். நீதிக்கட்சி ஆட்சியில் சென்னை சட்டசபைக்கு நியமனம் பெற்றார். பின்னர் 1920களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவரானார். அந்த நாற்காலியில்தான் அவர் பெருமை விளங்கிற்று.

அந்நாளில் ஜில்லா சாலைகளில் பஸ் ஓட்ட ஜில்லா போர்டின் லைசென்ஸ் வேண்டும். சாலையோ மக்கள் வரிப்பணத்தில் போட்டது. ஆதிதிராவிடரும் வரி கொடுத்தவர்; அந்தச் சாலைக்கு மண் சுமந்தவரும் அவரே. ஆனால் பஸ்ஸில் அவருக்கு இடமில்லை! ஏற்ற மாட்டோம் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்து விற்ற முதலாளிகளும் இருந்தனர். புதிய யந்திரம் வந்தது. பழைய தீண்டாமை அதில் ஏறி முதலில் உட்கார்ந்துகொண்டது.

சௌந்தரபாண்டியனார் இதைக் கண்டித்து அறிக்கை விட்டு ஓயவில்லை. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். வேதாந்தம் பேசிப் பயனில்லாத இடத்தில் லைசென்ஸ் பேசிற்று. முதலாளிகள் வழிக்கு வந்தார்கள்.

இதில் ஒன்றை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். தம் சமுதாயத்தார் நடத்தும் பஸ்களுக்கு நாலு லைசென்ஸ் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அவரைப் பாராட்ட ஆயிரம் பேர் இருந்திருப்பர். அவரோ தமக்கும் கீழே தள்ளப்பட்டவரைக் கைதூக்கி ஏற்றினார். தன் கால் முள்ளை எடுத்த பிறகு அதைப் பிறர் பாதையில் போடுவோர் மலிந்த நாட்டில் இது சிறிய காரியமா?

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. சாதிப் பட்டத்தை விட்டொழிப்பது அங்கே முடிவாயிற்று. பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்றும், எந்தத் தொழிலையும் ஆணைப் போலவே எடுத்து நடத்தப் பெண்ணுக்கு உரிமையும் வாய்ப்பும் வேண்டும் என்றும் தீர்மானங்கள் நிறைவேறின. சொத்தில்லாதவளுக்குக் கடன் ஏது? கடனில்லாதவளுக்குக் கடை ஏது? இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்டதில் அம்மாநாட்டின் தெளிவு தெரிகிறது.

1953 பிப்ரவரியில், அறுபது நிறையும் முன்பே, அவர் மறைந்தார்.

அவர் மறைந்து இருபது ஆண்டு கழித்து, கடல் கடந்த அமெரிக்காவில் அதே பாடம் வேறொருவர் கையில் பிறந்தது. அட்லாண்டா நகரின் முதல் கறுப்பின மேயராக 1974இல் பதவியேற்ற மேனார்டு ஜாக்சன், விமான நிலையத்தை விரிவாக்கும் ஒப்பந்தங்களில் 25 விழுக்காடு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குச் சேர வேண்டும் என்றார். வேலை நின்றாலும் நிபந்தனை நிற்கும் என்று உறுதி காட்டினார். வேலை நிற்கவில்லை, 1980இல் புதிய நிலையம் திறந்தது. 1987இல் அமெரிக்கச் சட்டம் பெண்கள் நடத்தும் தொழில்களையும் விமான நிலைய ஒப்பந்த இலக்கில் சேர்த்தது. பஸ்ஸானால் என்ன, விமானமானால் என்ன? பொதுச் சொத்தில் தொழில் செய்ய அனுமதி கொடுக்கும் கை, அந்த அனுமதியோடு நீதியையும் கேட்கலாம் என்பதே இரண்டு இடத்திலும் கண்ட உண்மை.

இப்போது நம் காரணத்துக்கு வருவோம். மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரத்துக்கு அப்பால், நம் விமான நிலையம் இருக்கிறது. சுற்றுக் கிராமத்து நிலத்தின் மீதுதான் விமானம் இறங்குகிறது. உள்ளே காப்பிக் கடை யாருக்கு? வாடகைக் கார் நிறுத்தும் உரிமை யாருக்கு? சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் யாருக்கு? மத்திய அரசும் அதன் நிறுவனங்களும் வாங்கும் பொருளிலும் சேவையிலும் 25 விழுக்காடு சிறு தொழில்களுக்கு. அதற்குள் 4 விழுக்காடு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு. 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு என்று 2012இல் வந்து 2018இல் திருத்தப்பட்ட விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் அது வாங்குவதைப் பற்றியது. கடைக்கு இடம் விடுவதைப் பற்றியதன்று. மனைவி பெயரில் பலகையும் கணவன் கையில் கல்லாப்பெட்டியும் இருந்தால் அதுவும் பெண் தொழிலாகிவிடாது.

ஆகவே நாம் கேட்கிறோம். நிலையத்தை அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், அங்கே கொடுக்கும் ஒவ்வொரு அனுமதியிலும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பங்கு எழுதப்பட வேண்டும். யாருக்கு எவ்வளவு போயிற்று என்ற கணக்கை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிட வேண்டும். திறமை பார்க்க வேண்டாமா என்று சிலர் கேட்பர். பார்க்கட்டும்! கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பார்க்கட்டும். கரிசல் காட்டு வண்டிக்காரனுக்குத் திறமை இருந்ததா இல்லையா என்பதற்கு விருதுநகரும் சிவகாசியும் சாட்சி.

சிலைக்கு மாலை போடுவது எளிது. சௌந்தரபாண்டியனார் போட்டது மாலையன்று, உத்தரவு. அவர் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் அனைவரும் அதைச் செய்து காட்டட்டும்!