அகிம்சை வழி நின்ற அமைச்சர் டாக்டர் தி.சே.சௌ. ராஜன்

அகிம்சை நம் சமயத்தின் உயிர்நாடி. அதனைத் தாய்ப்பாலுடன் பெற்றவர் நாம். ஆயின், ஆயுதத்தை நம்பியோர் நடுவே இளமையைக் கழித்து, பின்னர் அகிம்சையே வழியெனத் தேர்ந்து தெளிந்தவர் ஒருவர் இருந்தார். தில்லை நகரில் வாழும் நாம், காவிரியைக் கடந்தால் அடையும் ஸ்ரீரங்கத்தில் 1880ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் ராஜனே அவர். அவர்தம் வாழ்வை நம் இல்லத்து இளையோர் அறிதல் நன்று.

வைணவ அந்தணர் குடியில் பிறந்த அவர், சென்னை இராயபுரத்தில் மருத்துவம் பயின்று பர்மாவில் பணி புரிந்தார். மேற்படிப்பிற்காக 1907இல் இலண்டன் சென்றார். அங்கே இந்தியா ஹவுஸ் என்னும் விடுதி, புரட்சி வீரர்களின் பாசறையாகத் திகழ்ந்தது. சாவர்க்கரும், நம் திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயரும் அங்கே இருந்தனர். அவர்களோடு பழகிய ராஜனின் உள்ளத்தில் நாட்டுப்பற்று வேரூன்றியது. பிற்காலத்தில் ஐயரின் வாழ்க்கை வரலாற்றையும் இவரே எழுதினார்.

தேர்ந்த மருத்துவராகத் தாயகம் திரும்பியவரை ஊர் வரவேற்கவில்லை. கடல் கடந்தவர் என்பதே குற்றமாயிற்று. வைதிகர்கள் அவரை ஒதுக்கி வைத்தனர். எனினும், தம்மை விலக்கிய ஸ்ரீரங்கத்திலேயே அவர் மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். பின்னர்த் திருச்சி நகரில் மருத்துவமனை நிறுவினார்.

1919இல் ரௌலட் சட்ட எதிர்ப்பு எழுந்தபோது காந்தியடிகளின் நெறி அவரை ஆட்கொண்டது. அந்நெறிக்குப் பெருஞ்சோதனை 1930இல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள், இராஜாஜியின் தலைமையில் வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டது திருச்சியில் ராஜனின் இல்லத்திலிருந்துதான். ஏறக்குறைய நூறு தொண்டர்கள் 150 மைல் நடந்தனர். அவர்களுக்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். எவரும் கை ஓங்கவில்லை, எவரும் பசித்திருக்கவுமில்லை. ஏப்ரல் 30ஆம் நாள் வேதாரண்யத்தில் உப்பு அள்ளப்பட்டது. ராஜனும் சிறை புகுந்தார்.

1934இல் மத்திய சட்டசபை உறுப்பினரானார். 1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தில் அமைச்சரவை அமைத்தபோது, பொதுச் சுகாதாரமும் அறநிலையமும் ராஜனின் பொறுப்பாயின. மருத்துவருக்குச் சுகாதாரம் பொருத்தமே. ஊரால் விலக்கப்பட்டவரிடம் கோயில்களின் பொறுப்பு வந்து சேர்ந்ததுதான் வியப்பு!

அக்காலத்தில்தான், 1939 ஜூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் வைத்தியநாத ஐயர் அரிசன மக்களை அழைத்துச் சென்றார். அதற்குத் துணைநின்ற கோயில் அலுவலர்கள் வழக்கிற்கு உள்ளாகாதவாறு அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டது. ஒதுக்கப்படுதலின் வேதனையைத் தாமும் சுவைத்தவர் அவ்வமைச்சரவையில் இருந்ததை எண்ணுங்கால் நம் நெஞ்சம் நெகிழ்கிறது. நாட்டைக் கேளாமலே பிரிட்டிஷ் அரசு இந்தியாவைப் போரில் இணைத்ததால், 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி துறந்தது. 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் ராஜன் மீண்டும் இடம்பெற்றார். எல்லா இந்துக்களுக்கும் கோயில் நுழைவை உறுதிசெய்யும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறிற்று. 'நினைவு அலைகள்' என்னும் தன்வரலாற்றை நமக்கு அளித்துவிட்டு, 1953இல் அவர் மறைந்தார்.

உயிரைக் கொல்லாமை மட்டுமே அகிம்சை அன்று. ஓர் உள்ளத்தை ஒதுக்கிப் புண்படுத்தாமையும் அகிம்சையே. எறும்பிற்கும் வழிவிட்டு நடக்கும் நாம், கடல் கடந்து சென்றார் என்றோ, பிற குலத்தில் மணந்தார் என்றோ நம் உறவினர் எவரையேனும் வாயிலில் நிறுத்தியுள்ளோமா? ஒவ்வோர் இல்லத்தாரும் தம்மைத் தாமே வினவிக்கொள்வோமாக. அடைத்த கதவு ஒன்று திறக்குமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம்.